துப்பாக்கி யார் கையில்?

சென்னைக் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, மயிலைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தபடி இருக்கிறது நொச்சிக்குப்பம். ஊர் உறங்கும்போது அது விழித்திருக்கும். ஊர் விழிக்கும்போது அது கடல்மேல் இருக்கும். அங்கே வீட்டுக்கு வீடு கருவிகள் உண்டு. வலை உண்டு, வலை பின்னும் ஊசி உண்டு, துடுப்பு உண்டு, தூண்டில் உண்டு, மீன் அரியும் அரிவாள்மனை உண்டு, கயிறு அறுக்கும் கத்தி உண்டு. உழைத்து உண்பவனுக்கு வேண்டிய அத்தனையும் உண்டு. துப்பாக்கி மட்டும் அந்த வாழ்வின் கருவியன்று. மீனைச் சுட்டுப் பிடித்தவன் எவனும் இல்லை!

ஆயினும் துப்பாக்கியின் குரலை அந்தக் கரை அறியும். 1985-ஆம் ஆண்டின் கடைசியில், மெரினாக் கடற்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்றது அன்றைய அரசு. கட்டுமரங்களும் வலைகளும் காற்று வாங்க வருவோரின் கண்ணுக்கு இடையூறு என்று கருதப்பட்டன. பரம்பரை பரம்பரையாய் அந்த மணலில் மரத்தை ஏற்றி, அந்த மணலில் வலையை உலர்த்தி, அந்த மணலிலேயே மகனுக்குக் கடலைக் காட்டிக் கொடுத்த மக்கள், ‘போ’ என்றதும் போய்விடுவார்களா? மறுத்தார்கள், திரண்டார்கள். டிசம்பர் 4-ஆம் நாள் போலீசார் சுட்டனர். ஐந்து மீனவர் பிணமாயினர். அழகுபடுத்த வந்தார்கள், மணலைச் சிவப்பாக்கிச் சென்றார்கள்!

தோழர்களே! இந்தக் காட்சியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, உலகெங்கும் நடந்துவரும் ஒரு வழக்கைக் கேட்போம். குடிமக்கள் கையில் துப்பாக்கி இருக்கலாமா, கூடாதா என்பது வழக்கு. ‘துப்பாக்கி பெருகினால் கொலை பெருகும், ஆதலின் கட்டுப்பாடு வேண்டும்’ என்பது ஒரு சாரார் கூற்று. ‘கொல்பவன் மனிதனேயன்றிக் கருவியன்று, நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவன் அஞ்சுவான், ஆள்வோனும் அத்து மீற மாட்டான்’ என்பது மறு சாரார் கூற்று. இரண்டையும் உணர்ச்சிவயப்படாமல், அறிவென்னும் தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பதே பகுத்தறிவாளர் கடமை. நிறுக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. துப்பாக்கி எத்தனை என்று எண்ணுவது பாதிக் கணக்கு. அது யார் கையில் என்று கேட்பது மறு பாதி.

இந்த வழக்கு நம் நாட்டுக்குப் புதிதா? இல்லை. கருவி ஏந்தும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இங்கே புராண காலத்துப் பழைமை உடையது. வில்லைத் தானே பழகித் தேர்ந்த வேடன் மகன் ஏகலைவனிடம் துரோணர் கேட்ட காணிக்கை என்ன? பொன்னா, பொருளா? வலக்கைக் கட்டைவிரல்! கதைதான், நடந்ததென்று நாம் நம்ப வேண்டுவதில்லை. ஆனால் கதை கட்டியவர் கருத்து கதையில் ஒளிந்து கிடக்கிறது. ஆயுதம் பிறப்புரிமை, பிறப்பில் தாழ்ந்தவன் கற்றாலும் கைவிரல் இழப்பான் என்பதே அக்கருத்து. மனுநீதி அதையே விதியாக வகுத்தது. இந்நாட்டின் முதல் ஆயுதச் சட்டம் இதுதான் எனலாம். கடவுளர் கையிலெல்லாம் சூலம், சக்கரம், வில், வேல். ஆண்டுக்கொரு நாள் ஆயுதத்துக்குப் பூசை. ஆனால் அதை ஏந்தும் உரிமையோ ஒரு சிலருக்கு!

பின்பு வெள்ளையர் வந்தனர். தென்பாண்டிச் சீமையின் பாளையக்காரரோடு பொருதினர். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனையும், 1801-இல் திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டனர். போர் முடிந்ததும் அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, அந்தச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்ததாகும். கோட்டைகள் இடிக்கப்பட்டன, கருவிகள் பறிக்கப்பட்டன. தமிழ் மண் கண்ட ஆயுதக் கட்டுப்பாடு இவ்வாறு தொடங்கிற்று. கொலையைக் குறைக்கவா? இல்லை, கும்பினி ஆட்சியைக் காக்க!

1857-இன் பெருங்கிளர்ச்சி கிலியை வளர்த்தது. லிட்டன் பிரபு காலத்தில், 1878-இல், இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. உரிமம் இன்றி யாரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்றது சட்டம். யாரும் என்றால் எல்லாருமா? ஐரோப்பியருக்கு விதிவிலக்கு உண்டு. ஆட்சிக்கு வேண்டிய சிலருக்கும் உண்டு. குடகில் குடகர் இனத்தாருக்குப் பிறப்பின் பேரில் தனிச் சலுகை இருந்தது. உரிமை பெற்ற நாட்டின் சட்டத்திலும் அது தொடர்ந்தது. மனு வகுத்ததை வெள்ளையன் வேறு மையில் எழுதினான். அங்கே வருணம், இங்கே நிறம்.

இந்தச் சட்டத்தைக் கண்டு படித்தவர் உள்ளம் புண்பட்டது இயல்பு. காங்கிரசின் மூன்றாம் மாநாடு 1887-இல் பத்ருதீன் தயாப்சி தலைமையில் நடந்தது இதே சென்னையில்தான். ஆயுதச் சட்ட விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறிற்று. 1931-இல் கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. அடிமைப்பட்ட நாட்டில் அது மானத்தின் கேள்வியாக இருந்தது; ‘அவனுக்கு உண்டு, எனக்கு இல்லையா?’ என்ற கேள்வி. அந்தச் சினம் நியாயமே. சினம் நியாயமானதால் தீர்வும் நியாயமாகிவிடுமா?

அதற்கு விடையளித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய அவையில் எச்.வி. காமத் எழுந்தார்; கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டினார்; ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாகச் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அதை உரிமை என்று எழுதிவிட்டால், திருடனும் கொள்ளைக்காரனும் அதே உரிமையைக் கேட்பார்கள். எவரும் கடைக்குப் போய்த் தாக்கும் கருவிகளைத் தடையின்றி வாங்கலாம் என்றால் அரசு எங்ஙனம் நடக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது.

எண்ணிப் பாருங்கள்! அந்த அவையில் ஒடுக்கப்பட்ட மக்களின் துன்பத்தை அவரினும் அறிந்தவர் எவர்? ‘என் மக்களுக்குத் துப்பாக்கி கொடு, தற்காத்துக் கொள்ளட்டும்’ என்று கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. அவர் கேட்கவில்லை. வாக்குச்சீட்டையும் சட்டத்தையும் கேட்டார். ஏன்? ஆயுதச் சந்தை திறந்தால் முதலில் வாங்குபவன் பணமுள்ளவன். சேரியில் இருப்பவன் அல்லன்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டா. கீழத் தஞ்சையில் வெண்மணி இருக்கிறது. 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்தில் அனைவரும் சமம். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட உழவர் சேரிக்குள் புகுந்த பண்ணையார் கூட்டத்தின் கையில் துப்பாக்கி இருந்தது. சேரி மக்கள் கையில் கல்லும் கழியும் இருந்தன. குண்டுக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒடுங்கியவர்கள் தீக்கு இரையாயினர். பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாக 44 உயிர்கள்! சுட்டெரித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அன்று நாட்டை ஆண்டது அண்ணாவின் அரசு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் வீட்டு முற்றத்தில் விழுந்த பழியை நாமே பெருக்காமல் வேறு யார் பெருக்குவார்?

இனிக் கணக்குக்கு வருவோம். உலகிலேயே குடிமக்களிடம் துப்பாக்கி மிகுந்த நாடு அமெரிக்கா. 2018-இல் வெளிவந்த சிறுபடைக்கல ஆய்வின்படி அங்கே நூறு பேருக்கு ஏறத்தாழ 120 துப்பாக்கிகள். ஆளைவிடக் கருவி அதிகம்! 2021-ஆம் ஆண்டில் அங்கே துப்பாக்கியால் இறந்தவர் 48,830 பேர். இவர்களுள் கொலையுண்டோர் 20,958. தம்மைத் தாமே சுட்டுக்கொண்டோர் 26,328. வீட்டைக் காக்க வாங்கிய துப்பாக்கி, பிறரைவிட வீட்டாரையே அதிகம் கொண்டு போயிற்று என்பது இதனால் விளங்கும். இந்தியாவில் 2022-இல் பதிவான கொலைகள், எல்லாக் கருவிகளாலும் நேர்ந்தவை, 28,522. முப்பத்துமூன்று கோடி மக்கள் எங்கே, நூற்று நாற்பது கோடி மக்கள் எங்கே!

‘பார்த்தீர்களா, துப்பாக்கி மிகுந்தால் கொலை மிகும்’ என்று இங்கேயே முடித்துவிடலாம். முடித்தால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் உண்மைக்குத் துரோகம் செய்தவராவோம். மறு சாராரிடமும் கணக்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் துப்பாக்கி நிறைய, கொலை குறைவு. சோவியத்து ஆட்சி சிதைந்த பின், 1990-களில், ரசியாவில் பொதுமக்களிடம் கைத்துப்பாக்கி அரிது. கொலையோ அமெரிக்காவை மிஞ்சிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா முழுவதும் வழங்கப்பட்டிருந்த துப்பாக்கி உரிமங்கள் ஏறத்தாழ 33 இலட்சத்து 69 ஆயிரம். அவற்றுள் ஏறத்தாழ 12 இலட்சத்து 77 ஆயிரம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். கள்ளத் துப்பாக்கிக்கும் அம்மாநிலம் பேர்போனது. ஆயினும் 2022-இல் அங்கே பதிவான கொலை இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 1.5, துப்பாக்கி குறைந்த தமிழ்நாட்டிலோ 2.2!

இந்தக் கணக்கு நம்மை உறுத்துகிறதா? உறுத்தட்டும். வடக்கைப் பழித்து நம் முதுகைத் தட்டிக்கொள்ளும் வாய்ப்பைக் கணக்கு நமக்குத் தரவில்லை. நம்மூரில் கொலை அரிவாளால் நடக்கிறது. சாதி மாறிக் காதலித்தான் என்று நடக்கிறது. வரப்பு ஒரு சாண் நகர்ந்தது என்று நடக்கிறது. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று நடக்கிறது. கொலையின் விதை மனத்தில் இருக்கிறது. சாதி வெறியில், போலி மானத்தில், ஆண்மை பற்றிய பொய்ப் பெருமையில் இருக்கிறது. துப்பாக்கியை அகற்றிவிட்டதாலேயே அந்த விதை அழிந்துவிடாது. இந்த அளவுக்கு மறு சாரார் சொல்வது சரி.

ஆனால் அதற்கு மேல் அவர்கள் செல்லும் இடம் தவறு. விதை மனத்தில் இருக்கிறது என்பதால் கருவி ஒரு பொருட்டன்று என்பார்கள். இதை 1968-இலேயே ஃபிராங்க்ளின் சிம்ரிங் என்னும் அமெரிக்க அறிஞர் சிகாகோ நகரப் போலீசுப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார். கத்தியால் தாக்குவதும் துப்பாக்கியால் தாக்குவதும் பெரும்பாலும் ஒரே வகைச் சச்சரவில் பிறக்கின்றன. அதே சினம், அதே குடிவெறி, அதே நொடிநேரப் பித்து. ஆனால் துப்பாக்கித் தாக்குதல் உயிரைப் பறிப்பது கத்தியினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார். அரிவாளுக்கு ஓடித் தப்பலாம்; குண்டுக்கு ஓட முடியாது. அரிவாள் தூக்கியவன் கையைப் பிடிக்கலாம். பத்து முழத் தொலைவில் நின்று சுடுபவன் கையை யார் பிடிப்பது? சினம் கொலைக்குத் தாய் என்றால் கருவி மருத்துவச்சி. எத்தனை கொலை பிரசவமாகும் என்பதை அவளும் முடிவு செய்கிறாள். அரிவாளோடே இலட்சத்துக்கு 2.2 கொலை செய்யும் சமுதாயத்தின் கையில் துப்பாக்கியும் கிடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணவே நடுங்குகிறது. தமிழ்நாட்டின் கணக்கு கட்டுப்பாட்டுக்கு எதிரான சான்றன்று. கட்டுப்பாடு இன்றியமையாதது என்பதற்கான சான்று.

நம் இயக்கத்தார்க்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1967 சனவரி 12 மாலை, இராமாவரம் தோட்டத்தில் நடந்ததை யார் மறப்பார்? எம்.ஆர். ராதாவும் எம்.ஜி.ஆரும் பகைவர் முகாம்களில் பிறந்தவர்களா? ஒரே திரையில் நடித்தவர்கள். ‘பெற்றால்தான் பிள்ளையா’ வெளிவந்து சில கிழமைகள்தாம் ஆகியிருந்தன. ஒருவர் பெரியாரின் தொண்டர். மற்றவர் அண்ணாவின் தம்பி. பேசப் போனார் ராதா. பேச்சு முடியுமுன் குண்டு பேசிற்று. இருவர் உடலிலும் குண்டு பாய்ந்தது. இருவரும் பிழைத்தனர், அது மருத்துவத்தின் வெற்றி. எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ராதா சிறை சென்றார். மூடநம்பிக்கையை மேடைதோறும் எள்ளி நகையாடிய அறிவாளியையும் ஒரு கைத்துப்பாக்கி ஒரு நொடியில் கைதியாக்கிற்று. அறிவு பெரிதுதான், ஆனால் சினம் வந்த நொடியில் கைக்கு எட்டும் தொலைவில் துப்பாக்கி இருந்தால், அறிவு வந்து சேருமுன் குண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது!

‘சரி, ஆனால் கொடுங்கோன்மைக்கு எதிராக மக்களுக்கு ஆயுதம் வேண்டாமா? 1985-இல் மீனவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் போலீசார் சுடத் துணிந்திருப்பார்களா?’ என்று கேட்கும் இளைஞர் உண்டு. இரத்தம் சூடான வயதில் எழும் கேள்வி, இகழத் தக்கதன்று. அதற்கும் கடற்கரையே விடை சொல்கிறது.

1970-களின் பிற்பகுதியை நினையுங்கள். விசைப்படகுகள் பெருகி, கரையை ஒட்டிய கடலை அரித்து எடுத்தன. கட்டுமர மீனவரின் வலைகள் கிழிந்தன. பிடிக்க மீனும் இல்லை. சென்னைக் கரையிலும் பிற கரைகளிலும் மீனவருக்கும் மீனவருக்கும் மோதல் மூண்டது. படகுகள் எரிந்தன; உயிர்களும் போயின. இரு பக்கமும் ஏழைகள். பல இடங்களில் உறவினர். அன்று படகுக்கொரு துப்பாக்கி இருந்திருந்தால்? கடல் சுடுகாடாகியிருக்கும்! சண்டையைத் தணித்தது எது? 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை சிறு மீனவருக்கு என்று கோடு போட்டது சட்டம். மீறல்கள் உண்டு, குறைகள் உண்டு. ஆயினும் எழுத்தில் இட்ட ஒரு கோடு, எண்ணற்ற துப்பாக்கிகள் தரவியலாத பாதுகாப்பைத் தந்தது.

அன்றியும், அரசின் படைக்கு எதிரே மீனவனின் ஒற்றைத் துப்பாக்கி எம்மாத்திரம்? அவன் ஒருமுறை சுட்டால் அவர்கள் நூறுமுறை சுடுவார்கள். சுட்டதற்குக் காரணமும் கிடைத்துவிடும். 1985-இல் இறந்த ஐவருக்காக ஊர் அழுதது. அரசு தலைகுனிந்து நின்றது. துப்பாக்கி ஏந்தி இறந்திருந்தால் கலகக்காரர் என்று ஒரு வரியில் எழுதி முடித்திருப்பார்கள். வெறுங்கையே அவர்கள் நியாயத்தின் சாட்சி.

ஆதலின் குடிமகன் கையில் துப்பாக்கி வேண்டா என்கிறோம். இதைச் சொல்லும் உரிமை நமக்கு எப்போது முழுமை பெறும்? அரசின் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றியும் அதே உறுதியோடு பேசும்போதுதான். கட்டுப்பாடு என்றால் ஒரு கைக்கு மட்டும் விலங்கா? ‘நீ ஆயுதம் ஏந்தாதே, நான் காக்கிறேன்’ என்பது அரசு குடிமகனோடு செய்துகொண்ட உடன்படிக்கை. காப்பவனே சுட்டால் உடன்படிக்கை எங்கே போயிற்று?

மீனவனைப் பாருங்கள். தரையில் துப்பாக்கி போலீசார் கையில். கடலில் துப்பாக்கி அயல்நாட்டுக் கடற்படையின் கையில். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலியக் கப்பலின் காவலர், கொள்ளையர் என்று எண்ணி ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டனர். மாண்ட இருவருள் ஒருவர் நம் குமரி மாவட்டத்தவர். துப்பாக்கி எப்போதும் அவனுக்கு எதிரே இருப்பவன் கையில்தான்!

தரையின் வரலாறும் நீண்டது. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ் இளைஞர் எழுந்தபோது பக்தவத்சலம் ஆட்சி சுட்டது. மாண்டவர் எழுபது பேர் அளவில் என்றது அரசுத் தரப்புக் கணக்கு; மக்கள் சொன்ன கணக்கு அதைவிட மிகப் பெரிது. அந்தக் குருதியின் மேல் நின்றுதான் 1967-இல் இயக்கம் கோட்டை ஏறிற்று. சுடாத ஆட்சி வேண்டும் என்றுதானே மக்கள் வாக்களித்தனர்? ஆனால் 1985-இல் என்ன கண்டோம்? அண்ணாவின் பெயரைக் கட்சிப் பெயரிலே தாங்கியவர்களின் ஆட்சி. முதல்வரோ, ‘படகோட்டி’யில் மீனவனாக நடித்தவர், ‘மீனவ நண்பன்’ என்ற பெயரிலேயே படம் நடித்தவர், கழுத்தில் குண்டு பாய்ந்து, அந்தக் கட்டோடு சுவரொட்டியில் நின்று, குப்பத்துத் தாய்மாரின் கண்ணீரைப் பெற்றவர். குண்டின் வலி அறிந்தவர் ஆட்சியிலும் குண்டு பாய்ந்தது. அண்ணா உறங்கும் அதே கடற்கரையில் பாய்ந்தது! ஆகவே கேள்வி ஆள் நல்லவரா கெட்டவரா என்பதன்று. நல்லவர் கையிலும் கட்டற்ற துப்பாக்கி கட்டற்ற துப்பாக்கிதான்.

அதன் பின்னும் பாடம் கற்கவில்லை. 2011 செப்டம்பர் 11, பரமக்குடி: ஆறு உயிர்கள். 2018 மே 22, தூத்துக்குடி: ஆலை வேண்டா என்று நூறாம் நாள் ஊர்வலம் போனவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, இறந்தவர் 13 பேர். நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. 2022-இல் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. முறைப்படி எச்சரிக்காமல், தேவையின்றி, கலைந்து ஓடியவர்களையும் சுட்டனர் என்று அந்த அறிக்கை கண்டது.

இதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. தனி மனிதன் ஒருவன் சுட்டால் அவன்மேல் வழக்குத் தொடர யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. கூட்டத்தைக் கலைக்கிறேன் என்று அதிகாரி சுட்டால், அரசின் ஒப்புதல் இன்றி வழக்கே தொடர முடியாது. 1898-இல் வெள்ளையன் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு அது. 1973-இல் சட்டத்தைப் புதுப்பித்தார்கள். பிரிவு அப்படியே இருந்தது, எண்கூட மாறவில்லை. 2023-இல் வடமொழிப் பெயர் சூட்டி மீண்டும் புதுப்பித்தார்கள். எண் மட்டும் மாறிற்று, பாதுகாப்பு மாறவில்லை. வெள்ளையன் போன பின்னும் அவன் துப்பாக்கிக்கு அவன் வாங்கிக் கொடுத்த கவசம் போகவில்லை! சுட ஆணையிட்டது யார், எச்சரித்தார்களா, முழங்காலுக்குக் கீழே குறி வைத்தார்களா என்பதை எல்லாம் சுட்டவரின் மேலதிகாரியே விசாரித்து, அவருக்கும் மேலுள்ள அரசே ஒப்புதல் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்யுமானால், அதற்குப் பெயர் நீதியா?

உலகம் கற்ற பாடம் நமக்கும் உதவும. 1996-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். சில நாட்களிலேயே அந்நாட்டு அரசு சட்டத்தை இறுக்கிற்று. ஆறரை இலட்சம் அளவில் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அடுத்த இருபதாண்டுகள் அத்தகைய பெருங்கொலை அங்கே நிகழவில்லை. கொலை குறைந்ததற்கு அச்சட்டம் மட்டுமே காரணமா என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர், வாதிடட்டும். ஒரு நாடு தன் துயரைக் கண்டு தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது என்பதே நமக்குப் பாடம். இந்தியாவிலும் 2019-இல் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. நன்று. ஆனால் அரசுத் துப்பாக்கிக்கான கணக்கு எப்போது கேட்கப்படும்?

மாற்று வழி இல்லாமல் இல்லை. அதையும் நொச்சிக்குப்பமே காட்டுகிறது. 2023 ஏப்ரலில், வளைவுச் சாலையில் இருந்த மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்கு உயர்நீதிமன்றத்தில் எழுந்தது, கடைகள் அகற்றப்பட்டன. 1985-இன் அதே வழக்கு! காட்சி பெரிதா, வயிறு பெரிதா என்ற வழக்கு! மக்கள் படகுகளைச் சாலையில் நிறுத்தி மறித்தனர். பெண்கள் மீன்கூடையோடு அமர்ந்தனர். நீதிமன்றம் அவர்கள் தரப்பைக் கேட்டது, மாநகராட்சி பேசிற்று, ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அங்கே 366 கடைகள் கொண்ட மீன்சந்தை திறக்கப்பட்டது. எல்லாக் குறையும் தீர்ந்ததென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஒரு தாயும் மகனை இழக்கவில்லை. 1985-இலும் இதைச் செய்திருக்கலாமே! பேசியிருந்தால் ஐந்து பேர் பிழைத்திருப்பார்களே!

தோழர்களே! ஆயுதத்தை வணங்கும் நாட்டில் பிறந்தோம். ஆயுதத்தைக் கேள்வி கேட்கும் இயக்கத்தில் வளர்ந்தோம். ஏகலைவன் விரல் முதல் தூத்துக்குடித் தெரு வரை, கருவி வலியவனுக்கும் காயம் எளியவனுக்கும் என்பதே இந்நாட்டு வரலாறு. அதை மாற்ற எளியவனுக்கும் ஒரு துப்பாக்கி கொடுப்பது வழியன்று. வலியவன் துப்பாக்கியையும் சட்டத்தின் முன் தலைகுனியச் செய்வதே வழி. ஒப்புதல் என்னும் கவசத்தை நீக்குக என்று கேட்போம். ஒவ்வொரு சூட்டுக்கும் போலீசாரின் கீழ் இல்லாத விசாரணை வேண்டும் என்று கேட்போம். விசாரணை அறிக்கை அலமாரியில் உறங்காமல் வழக்கு மன்றம் போக வேண்டும் என்று கேட்போம். ஆட்சியில் இருப்பவர் யாராயினும் கேட்போம். நம்மவராயின் உரக்கக் கேட்போம்!

விடிந்ததும் நொச்சிக்குப்பத்து மீனவன் கடலுக்குப் போவான். அவன் தோளில் துடுப்பு இருக்கும். இடுப்பில் கத்தி இருக்கும். அவனுக்குத் துப்பாக்கி வேண்டா. அவனை நோக்கியும் துப்பாக்கி வேண்டா.